சென்னையில் பனி பெய்த கதை

சென்னையில் ஒருமுறை வெண்பனி பெய்தது என்றொரு கதை உண்டு. கார்த்திகை மழை ஓய்ந்து, தாம்பரத்திலும் சேலையூரிலும் வண்டலூரிலும் காலைக் குளிர் உறைக்கத் தொடங்கும் நாட்களில் அது தவறாமல் கைபேசிக்கு வந்து சேரும். 1815 ஏப்ரல் கடைசி வாரம் திங்கட்கிழமை காலை 11 டிகிரி செல்சியஸ் இருந்ததாம். வெள்ளிக்கிழமை அது மைனஸ் 3 டிகிரிக்கு இறங்கி, பனி கொட்டியதாம். இந்தோனேசியாவின் தம்போரா எரிமலையே காரணம் என்று கதை முடிகிறது.

கதையின் வேரைத் தேடினால் முதலில் கிடைப்பது மறுக்க முடியாத உண்மை ஒன்று. சும்பாவா தீவிலுள்ள தம்போரா 1815 ஏப்ரல் 10 அன்று வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதற்கு இணையான எரிமலை வெடிப்பு மிக அரிது. அது கக்கிய கந்தகம் வானின் உயர் அடுக்கில் திரையாகப் பரவி வெயிலைத் தடுத்தது. மறு ஆண்டான 1816ஐ ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ‘கோடை இல்லாத ஆண்டு’ என்று நினைவில் வைத்திருக்கின்றன. அந்த ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் பனி பெய்தது. பருவம் தப்பிய பனி உண்மையில் விழுந்த இடம் அது.

சென்னைக் கதை தடுக்குவது நாள்கணக்கில். ஏப்ரல் 10க்கும் அந்தக் கடைசி வாரத் திங்கட்கிழமைக்கும் இடையே இரண்டே வாரம்தான். எரிமலையின் கந்தக வாயு வெயிலைத் தடுக்கும் நுண்துகளாக மாறுவதற்கே வாரக்கணக்கில் ஆகும். உலகைச் சுற்றிப் பரவ மாதங்கள் ஆகும். முழுதாகப் பரவிய பிறகும் உலகின் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரிக்கும் குறைவாகவே இறங்கியது. ஏப்ரல் கடைசியில் சென்னையின் விடியற்காலை ஏறக்குறைய 26 டிகிரி. அங்கிருந்து மைனஸ் மூன்றுக்கு இறங்க வேண்டுமானால், வெதுவெதுப்பான வங்காள விரிகுடாவே பக்கத்தில் இல்லாமல் போயிருக்க வேண்டும்.

அளவும் இடிக்கிறது. நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகத்தில் 1796 முதலே வானிலை குறிக்கப்பட்டது. 1815இல் அதன் பொறுப்பில் இருந்தவர் ஜான் கோல்டிங்காம். அவர் காலத்தில் சென்னையில் வெப்பத்தைப் பாரன்ஹீட்டில்தான் குறித்தார்கள். கதையின் செல்சியஸ் எண்கள் பிற்காலத்தில் யாரோ மாற்றிப் போட்டவை. மாற்றும்போது கைதவறியதா, தொடக்கமே புனைவா என்பதைவிட, நுங்கம்பாக்கத்தின் அதிகாரபூர்வப் பதிவு சொல்வது முக்கியம். அங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. 1895 டிசம்பர் 11 அன்றும் 1905 ஜனவரி 29 அன்றும் அது பதிவானது. சென்னைக் குளிரின் அடிமட்டம் அதுதான்.

வெண்பனி விழ, மேகத்திலிருந்து தரைவரை காற்று உறைநிலையை ஒட்டி இருக்க வேண்டும். சென்னையின் வானில் உறைநிலை தொடங்குவதே சுமார் ஐந்து கிலோமீட்டர் உயரத்தில். அங்கே உருவாகும் பனிக்கட்டி தரைவரை வந்து சேர ஒரே வழி கோடை இடிமழையோடு விழும் ஆலங்கட்டி. ஏப்ரல் மாதக் கதை ஒன்றின் விதை ஏதோ ஓர் ஆலங்கட்டி மழையாக இருந்திருக்கலாம் என்பது இதை எழுதுபவரின் ஊகம், அவ்வளவே.

ஆனாலும் தாம்பரத்துக் குளிர் பொய்யல்ல. வடகிழக்குப் பருவமழை விலகியதும் வானம் தெளிகிறது. வடக்கிலிருந்து வறண்ட காற்று இறங்குகிறது. பகலில் வாங்கிய சூட்டைத் தரை இரவில் தடையின்றி வானத்துக்கு விட்டுவிடுகிறது. கடலோர மயிலாப்பூரைக் கடல் காக்கிறது. தாம்பரம் கடலைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறது; வண்டலூர்க் காடு, கிறித்துவக் கல்லூரியின் மரச் செறிவு, விமானப்படைத் தளத்தின் வெட்டவெளி எல்லாம் அருகிலேயே. சில ஆண்டுகளில் குளிர் முந்திக்கொள்ளும். 2022 டிசம்பர் தொடக்கத்தில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை நெருங்கிய நாட்களில் பகலிலேயே ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

மார்கழிக் காலை ஆறு மணிக்குச் செம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் மறுகரை தெரியாது. நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டரின் சீட்டை விரலால் தடவினால் நீர் வழிந்து கோடு விழும். கோலம் போட வாசலுக்கு வருபவர் முந்தானையைத் தலையில் இழுத்துக்கொள்வார். “பனி பெய்யுது, தலையில துண்டைக் கட்டிட்டுப் போங்க” என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

கதை இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்வதற்குப் ‘பனி’ என்ற இந்தச் சொல்லும் ஒரு காரணம். புல்லில் நிற்கும் துளி, ஏரிமேல் மிதக்கும் மூட்டம், இமயத்தில் குவியும் வெள்ளை, மூன்றுமே தமிழுக்குப் பனிதான். மார்கழி, தையை முன்பனிக் காலம் என்றும் மாசி, பங்குனியைப் பின்பனிக் காலம் என்றும் பகுத்த மரபு பேசுவது முதல் இரண்டை. பனி பெய்தது என்று சென்னைக்காரர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. கேட்பவர் மனத்தில் காஷ்மீர் வந்து நிற்பதுதான் தவறு.

நீலகிரியிலும் இதே குழப்பம் உண்டு. ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும் காலைகளைப் ‘பனிப்பொழிவு’ என்று செய்திகள் சொல்கின்றன. அங்கே எதுவும் பொழிவதில்லை. காற்றின் ஈரம் குளிர்ந்த புல்லின் மேலேயே உறைகிறது, அது உறைபனி. நவம்பர் முதல் ஜனவரி வரை அதன் காலம். தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். தாவரவியல் பூங்காவில் இளஞ்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடி கொண்டு மூடி வைப்பது அதற்கு அஞ்சித்தான்.

சென்னை நேரில் கண்ட பெரும் பனிக்கட்டிகள் கப்பலில் வந்தவை. அமெரிக்காவின் உறைந்த ஏரிகளில் அறுத்த பாளங்களைப் பனிக்கட்டி வணிகர் பிரெடரிக் டியூடர் இங்கே அனுப்பினார். அவற்றை வைக்க 1842இல் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லம்.

தரை வெளுத்துக் கிடப்பதைத் தமிழ்நாட்டிலேயே பார்க்க விரும்பும் தாம்பரத்துக்காரர், டிசம்பர் கடைசியில் ஊட்டிக்கு அடுத்த தலைக்குந்தாவுக்குப் போகலாம். விடிவதற்கு முன் எழுந்துவிடுங்கள்; வெயில் ஏறினால் கரைந்துவிடும்.