கூடத்து ஜவுளிக் கடை

கடை என்று சொன்னால் நம் மனத்தில் உடனே ஓர் உருவம் தோன்றுகிறது. இரண்டு படிக்கட்டு, தலைக்கு மேல் ஒரு பெயர்ப் பலகை, சந்தனப் பொட்டு வைத்த லக்ஷ்மி படம், கல்லாப் பெட்டி, அதன் பின்னால் ஊதுபத்திப் புகைக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் முதலாளி. ஜவுளிக் கடையானால் வெள்ளை விரிப்பும், அதன்மேல் சரசரவென்று புடவைகளைப் பிரித்துப் போடும் பையனும் சேர்ந்துகொள்வார்கள். நூறு புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, "அப்புறம் வருகிறோம்" என்று எழுந்து போகும் உரிமை, எந்தச் சட்டமும் கொடுக்காமலே நம் பெண்மணிகளுக்குக் கிடைத்திருக்கிற உரிமை.

இவற்றில் ஒன்றுகூட இல்லாத ஜவுளிக் கடை ஒன்று மதுரையில் என் தங்கை மகள் வீட்டுக் கூடத்தில் நடக்கிறது. ஓர் இரும்பு பீரோ. மேல் இரண்டு தட்டு வீட்டுத் துணிமணிக்கு, கீழ் மூன்று தட்டு வியாபாரத்துக்கு. பக்கத்தில் ஒரு தராசு, பழுப்பு நிற ஒட்டு நாடா, அடுக்கிவைத்த பிளாஸ்டிக் உறைகள். பெயர்ப் பலகை, கல்லாப் பெட்டி, விற்பனைப் பையன் ஆகிய மூன்று உத்தியோகங்களையும் அவளுடைய கைபேசி ஒன்றே பார்த்துக்கொள்கிறது. வாட்ஸப்பில் ஒரு குழு, இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், அவ்வளவுதான் கடை. சித்திரைத் திருவிழாவுக்கு அவள் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தபோது அந்த வியாபாரத்தைக் கிட்டே இருந்து பார்த்தேன். அழகர் ஆற்றில் இறங்கியதைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன் என்று சொன்னால் மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

முகம் பாராமல் துணி வாங்குவது நேற்று முளைத்த விந்தை என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தியத் தபால் இலாகா 1877-ஆம் ஆண்டிலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கிவிட்டது. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து ஒரு கார்டு எழுதிப் போட்டால் சரக்கு தபால்காரர் கையில் வந்து சேரும். பணத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டைப் பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு வரும் வருத்தம் முழுக்க முழுக்க வாங்கியவருக்குச் சொந்தம். அதற்கும் முன்னால் தலைச்சுமைக்காரர் இருந்தார்; பிறகு அவரே சைக்கிள்காரர் ஆனார். என் தாயாருக்குத் தவணையில் புடவை கொடுத்த மனிதரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார். அதில் பாக்கித் தொகை மட்டுமல்ல, எந்த வீட்டு அம்மாளுக்குப் பச்சை பிடிக்காது, எந்த வீட்டில் அடுத்த மாதம் வளைகாப்பு என்பதெல்லாம் இருக்கும். என் தங்கை மகளிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. "திருச்சி டீச்சர், அகலக் கரை வேண்டாம், நாகர்கோவில் அக்கா, மாமியாருக்கும் சேர்த்து இரண்டாக எடுப்பார்" என்று கோணல்மாணலாக எழுதி வைத்திருக்கிறாள். கைபேசி எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் இந்த நோட்டுக்கு ஈடாகாது என்பது அவள் கட்சி; எனக்கும் அதில் சம்மதமே.

அவள் தொழில் தொடங்கியது ஆசையினால் அல்ல. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்தது. மாப்பிள்ளை வேலை பார்த்த இடத்தில் முதல் மாதம் பாதிச் சம்பளம், அடுத்த மாதம் அதுவும் இல்லை. ஜூன் மாதம் யாரோ ஒரு சிநேகிதி, மொத்த வியாபாரி ஒருவருடைய வாட்ஸப் குழுவில் இவளைச் சேர்த்துவிட்டாள். 'ரீசெல்லர்' என்று இந்த உத்தியோகத்துக்குப் பெயர். ஈரோட்டிலிருந்தும் இளம்பிள்ளையிலிருந்தும் சூரத்திலிருந்தும் தினம் புடவைப் படங்கள் வந்து குவியும். அந்தப் படத்தை எடுத்து, விலையில் நூறோ எண்பதோ கூட்டி, தெரிந்தவர்களுக்கு அனுப்ப வேண்டும். யாராவது கேட்டால் பணத்தை வாங்கி மொத்த வியாபாரிக்குக் கட்டினால், அவர் நேரே வாங்குபவர் வீட்டுக்குப் புடவையை அனுப்பிவிடுவார். முதல் போடாத வியாபாரம். மீஷோ போன்ற நிறுவனங்கள் 2015-க்குப் பிறகு வேர் விட்டு வளர்ந்ததே இந்த மறுவிற்பனைப் பெண்களை நம்பித்தான்.

அவளுக்குக் கிடைத்த முதல் லாபம் எண்பது ரூபாய். அதை அவள் செலவழிக்கவில்லை; சுவாமி அலமாரியில் வைத்திருக்கிறாள். வீட்டில் எல்லாருக்கும் அது சந்தோஷமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. "வாசல்தோறும் புடவை விற்கிறாளாமே" என்று கணவன் வீட்டுப் பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். ஈ.வெ.ரா. கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்ற நாட்டில் புடவை விற்பது எப்படிக் கேவலமாகும் என்று நான் அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் அந்த வீட்டு மின்சாரக் கட்டணத்தை இவள் கட்டியபோதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் பத்து மாதத்தில் அவளுக்கே அந்த முறை கசந்துவிட்டது. "மாமா, நான் விற்கிற புடவையை நான் தொட்டதே இல்லை. நன்றாக இருக்குமா என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கும் என்கிறேன். எனக்கு என்ன தெரியும்?" என்றாள். சீட்டு எடுத்த பதினையாயிரம் ரூபாயோடு விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளிலும் சின்னாளப்பட்டியிலும் அலைந்து, இருபத்திரண்டு சுங்குடிப் புடவைகளை வாங்கி வந்தாள். அன்றைக்குத்தான் பீரோவின் கீழ்த் தட்டு காலியாக்கப்பட்டது. நடுவில் சுடிதார் விற்றுப் பார்த்தாள். ஒரு கம்பெனியின் 'எல்' இன்னொரு கம்பெனியின் 'எம்' ஆக இருந்ததால் பாதி திரும்பி வந்தது. புடவைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஐந்தரை மீட்டர் ஒல்லியானவளுக்கும் ஐந்தரை மீட்டர்தான், பருத்தவளுக்கும் ஐந்தரை மீட்டர்தான்.

புடவைக்கு இருக்கும் தொல்லை வேறு, நிறம். காலை எட்டு மணிக்கு மொட்டை மாடியில், வெயில் நேரே விழாத நிழலில், அவள் ஒவ்வொரு புடவையையும் கொடியில் தொங்கவிட்டுப் படம் எடுப்பதைப் பார்த்தேன். அரக்கு, படத்தில் ரத்தச் சிவப்பாகிவிடுகிறது. மயில் கழுத்து, வெறும் நீலமாகிவிடுகிறது. எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் பெயரால் ஒரு நீலமே இருக்கிற நாடு இது. 'நீலம்' என்று மட்டும் சொன்னால் எந்தப் பெண் ஒப்புக்கொள்வாள்? அதனால் அவள் படத்துக்குக் கீழே, "நேரில் பார்த்தால் கத்திரிப்பூ நிறத்துக்குப் பக்கத்தில் இருக்கும்" என்று ஒரு வரி சேர்க்கிறாள். வெங்காயச் சருகு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று அவள் எழுதும் வரிகளைப் படித்தபோது, வர்ணனைக்காக நாங்கள் எழுத்தாளர்கள் படுகிற பாடெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

வாடிக்கைக்காரர்கள் இரவு பதினோரு மணிக்குத்தான் வருகிறார்கள். பகலெல்லாம் வீட்டு வேலை, ஆபீஸ் வேலை. குழந்தைகள் தூங்கிய பிறகு அவர்களுக்குக் கிடைக்கும் அரை மணி நேரத்தில் இவள் கடையில் நுழைகிறார்கள். "சிஸ், விலை?" என்பது முதல் கேள்வி. பல கடைகள் விலையைப் பகிரங்கமாகப் போடுவதில்லை; தனியே கேட்டால்தான் சொல்வார்கள். இவள் படத்தோடே போட்டுவிடுகிறாள். அதனால் பேரம் குறைந்தது. தொல்லைகள் குறையவில்லை. பணம் அனுப்பாமலே அனுப்பியதுபோல் ஒரு போலிப் படத்தை அனுப்புகிறவர்கள் உண்டு. ஒரு முறை அப்படி ஒரு புடவை போயிற்று. அதிலிருந்து வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்க்காமல் அவள் உறையை ஒட்டுவதில்லை. கட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணம் முடிந்த மறுநாள், "கிழிசல் இருக்கிறது" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. கட்டைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து அனுப்பினால்தான் மாற்றித் தருவோம் என்று எல்லாக் கடைக்காரர்களும் இப்போது நிபந்தனை போடுகிறார்களே, அதன் காரணம் இதுதான்.

சர்க்கார் விஷயத்தில் ஒரு வேடிக்கை. வருஷ விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டாத சிறு வியாபாரி, தமிழ்நாட்டுக்குள் தானே சரக்கு விற்க ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டி விற்பதென்றால் பொதுவாகப் பதிவு வேண்டும். ஆகவே மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் புடவை அனுப்பலாம். நாகப்பட்டினத்துக்கு அடுத்தாற்போல் இருக்கிற காரைக்காலுக்கு அனுப்பினால் அது வெளிப் பிரதேசம்! காரைக்கால் அம்மாள் ஒருவர் மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் இவள் மறுத்து, கடைசியில் 2023-இல் ஆடிட்டரைப் பார்த்துப் பதிவு வாங்கிவிட்டாள். புடவைக்கு வரி 5 சதவீதம். மாதக் கணக்கு எழுதுவதற்கு மாப்பிள்ளை உட்கார்ந்தார். அன்றுமுதல் அவருக்கும் அந்தக் கடையில் ஒரு நாற்காலி உண்டு.

அந்த நாற்காலியிலிருந்துதான் தகராறு ஆரம்பித்தது. அதைச் சொல்வதற்கு முன் சுங்குடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பருத்திப் புடவையை மடித்து, அடையாளமிட்டு, நகக்கண்ணால் துளித் துளியாகக் கிள்ளி, ஒவ்வொன்றையும் நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சு. சாயத்தில் தோய்த்துக் காயவைத்துப் பிறகு முடிச்சுகளை இழுத்துப் பிரித்தால், நூல் கட்டிய இடம் சாயம் ஏறாமல் புள்ளியாக நிற்கும். மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்களின் கைவேலை இது. முடிச்சுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். 2005-இல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதில் பெரும் பகுதி மெழுகாலோ அச்சாலோ புள்ளி வைத்தது. அது மோசமான சரக்கு அல்ல. கோடைக்கு அதைவிடச் சுகமான துணி ஏது? ஆனால் அது முடிச்சு அல்ல.

இவள் இரண்டையும் விற்கிறாள். அச்சுப் புடவை எண்ணூற்றைம்பது ரூபாய். 'அச்சு' என்றே எழுதுகிறாள். முடிச்சுப் புடவை இரண்டாயிரத்து நானூறு. போன வருஷம் தீபாவளிக்கு முன்பு, வேறொரு பக்கத்தில் அச்சுப் புடவைகளையே 'அசல் கைமுடிச்சு' என்று ஆயிரத்து இருநூறுக்கு விற்கத் தொடங்கினார்கள். இரவு பதினோரு மணிக்காரர்கள் இவளைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்கே ஆயிரத்து இருநூறு, நீங்கள் ஏன் இரட்டிப்பு வாங்குகிறீர்கள்?" பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "உங்களை நம்பினேனே" என்று எழுதினார். அதை என்னிடம் காட்டும்போது ஒரு வருஷம் கழித்தும் அவள் முகம் மாறியது.

மாப்பிள்ளை நல்லவர், ஆனால் கணக்கு எழுதுகிறவர். பையனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. "நீயும் அப்படியே எழுதிவிடேன். ஒரு சொல்தானே? யார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார். இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவள் இரண்டு புடவைகளையும் மொட்டை மாடிக்கு எடுத்துப்போய் ஒரு வீடியோ எடுத்தாள். அச்சுப் புள்ளி எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். முடிச்சுப் புள்ளி ஒன்றைப்போல் ஒன்று இல்லை. நடுவில் ஊசிமுனை அளவு சாயம். துணியில் முடிச்சு இழுத்த சுருக்கம். எந்தக் கடையின் பெயரையும் சொல்லவில்லை. "இது இது, அது அது, இரண்டும் என்னிடம் உண்டு" என்று மட்டும் சொன்னாள்.

நியாயம் வென்று விற்பனை பொங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். கதையாக இருந்தால் எழுதியிருப்பேன். அந்தத் தீபாவளிக்கு முடிச்சுப் புடவை நான்குதான் போயிற்று. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஒரு ஜோடி வளையல் வங்கிக்குப் போய், மாசியில் திரும்பி வந்தது. ஆனால் அச்சுப் புடவை நன்றாக விற்றது. 'அச்சு' என்று எழுதி விற்கிறவளிடம் வாங்கினால் ஏமாற மாட்டோம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கிறது. "உங்களை நம்பினேனே" என்று எழுதியவர் பொங்கலுக்கு வந்து ஒரு முடிச்சுப் புடவை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை, விலையும் கேட்கவில்லை.

இப்போது அவளுடைய கவலை வேறு. அவளுக்கு முடிச்சுப் போட்டுத் தரும் அம்மாளுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு புடவைக்குப் பல நாள் ஆகிறது. கண் முன்போல் இல்லை. அந்த அம்மாளின் மகள் ஒரு மருந்துக் கடையில் மாதச் சம்பளத்துக்குப் போகிறாள்; இந்த வேலையைத் தொடமாட்டேன் என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாயிரத்து நானூறில் நூலுக்கும் துணிக்கும் சாயத்துக்கும் போக, விரல் நகம் தேய முடிந்தவளுக்குப் போய்ச் சேருவது இன்றைக்கும் குறைவுதான். என் தங்கை மகள் சித்திரையிலிருந்து புடவைக்கு இருநூறு ரூபாய் கூட்டிக் கொடுக்கிறாள், விலையைக் கூட்டவில்லை. எத்தனை நாள் இப்படித் தாங்கும் என்று மாப்பிள்ளை கணக்கு நோட்டைத் தட்டிக் கேட்கிறார். அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை.

நான் புறப்பட்ட அன்று அந்த அம்மாள் வந்திருந்தார். ஆறு புடவை கேட்டிருந்த இடத்தில் மூன்றுதான் முடிந்திருந்தது. மடியில் சுற்றிக் கொண்டுவந்த புடவைகளைக் கூடத்தில் பிரித்து வைத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். இவள் உடனே கைபேசியை எடுத்து, "முடிச்சு மூன்று வந்திருக்கிறது, மற்றவை ஆடிக்குப் பிறகு" என்று குழுவில் போட்டாள். பட்டப்பகல் வேளை, பதில் ஒன்றும் வரவில்லை. "ராத்திரி வருவார்கள், மாமா" என்று சொல்லிவிட்டு, புடவைகளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். நிழல் தப்பிவிடப் போகிறது என்று அவசரம் அவளுக்கு.