குரோம் ஸ்பூனும் அப்பாவோட புல்லட்டும்

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். குரோம் பெயின்ட்ல குரோமே கிடையாது. முகம் பாக்கற மாதிரி மூடி போட்டு, மேல குரோம்னு எழுதி விக்கறாங்களே, அந்த டப்பாக்குள்ள இருக்கறது அலுமினியத் தூள். இது தெரியாம ரெண்டு டப்பாவையும் ஒரு மாசத்தையும் வீணாக்கினவன் சொல்றேன், கேட்டுக்குங்க.

கதைக்கு வர்றேன். போன வருஷம் அப்பாவுக்கு எண்பது. தேனியில எண்பதாம் கல்யாணம். தங்கச்சி செயின், மாப்பிள்ளை டிவி, பெரியப்பா பசங்க பட்டு வேட்டி. "நீங்க என்ன குடுக்கப் போறீங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல. "புல்லட்"னு சொன்னேன். அவங்க கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சு. அப்புறம்தான் ஒரு சாண் நீளத்து புல்லட்டுன்னு விளக்கினேன்.

அந்த புல்லட்டைப் பத்திச் சொல்லணும். 1979-ல அப்பா வாங்கினது. திருவொற்றியூர்ல செஞ்ச 350 சிசி. வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். ஆம்மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டே, அந்தச் சின்ன லீவரைப் பிடிச்சு ஒரு உதை. பத்து வீட்டுக்குக் கேக்கும். டேங்குக்கு ரெண்டு பக்கமும் குரோம். ஞாயித்துக்கிழமை காலையில அப்பா பழைய பனியன் துணியில மண்ணெண்ணெய் தொட்டு மட்கார்டு, சைலன்சர் எல்லாத்தையும் துடைப்பார். அப்புறம் ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு ஒரு தடவு. "குரோம் துருப்பிடிக்காதுடா. அதுல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். அது வழியா தண்ணி இறங்கி அடியில இருக்கற இரும்புதான் துருப்பிடிக்கும்"பார். அப்ப அது சும்மா கிராமத்து வைத்தியம்னு நினைச்சேன். ரொம்ப நாள் கழிச்சுப் படிச்சப்பதான் தெரிஞ்சது, அப்பா சொன்னது அச்சு அசல் உண்மை. வண்டியில போடற குரோம் ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது. அதுக்கு அடியில நிக்கல், அதுக்கும் அடியில இரும்பு.

2003-ல அப்பா போன் பண்ணினார். முட்டி வலி, உதைக்க முடியலையாம். "மதுரையில ரயில்ல பார்சல் போட்டுடறேன், நீ வெச்சுக்கறியா?" நான் அப்ப புனே வந்து நாலு வருஷம். வாடகை ஃப்ளாட், ஒரே ஒரு பார்க்கிங், அதுல என் ஸ்கூட்டர். "இங்க வெக்க இடமில்லப்பா, பார்சல் சார்ஜ் வேற"ன்னு சொன்னேன். "சரிப்பா"ன்னார். ரெண்டாம் தடவை கேக்கல. அடுத்த மாசம் ஒரு மெக்கானிக் ஓட்டிக்கிட்டுப் போயிட்டதா அம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம் நாங்க யாருமே புல்லட்டைப் பத்திப் பேசினதில்ல.

சரி, பெயின்டுக்கு வருவோம்.

1:12 அளவுல ஒரு டைகாஸ்ட் புல்லட் வாங்கினேன். உருவம் கச்சிதம். ஆனா குரோம் இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் கலர் பிளாஸ்டிக். ரவிவார் பேட்டையில ஒரு ஹார்டுவேர் கடையில ஸ்ப்ரே டப்பா வாங்கி, பால்கனியில பேப்பர் விரிச்சு அடிச்சேன். காஞ்சதும் பாத்தா பத்து வருஷம் உழைச்ச இட்லிப் பானை மாதிரி இருக்கு! இன்னொரு டப்பா வாங்கினேன். இன்னொரு இட்லிப் பானை.

ஏன் அப்படின்னு தேடிப் படிச்சேன். சாதா சில்வர் பெயின்ட்ல அலுமினியத் துணுக்கு பெருசா, ஒண்ணு நிமிந்து ஒண்ணு கவுந்து கண்டபடி கிடக்கும். வெளிச்சம் பட்டா நாலா பக்கமும் சிதறும். கண்ணாடி மாதிரி தெரியணும்னா துணுக்கு ரொம்ப மெலிசா இருக்கணும், மீன் செதில் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கணும். அது படுக்கறதுக்குத் தரையும் சமமா இருக்கணும். தரையில ஒரு கீறல் இருந்தாலும் மேல அப்படியே தெரியும். அதனால குரோம்ல முக்கால்வாசி வேலை குரோம் அடிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சுடுது.

முறை இதுதான். பிளாஸ்டிக்கை உப்புத்தாள் வெச்சு, 400, 800, 1500, 2000னு படிப்படியா தண்ணி தொட்டுத் தேய்க்கணும். சோப்புத் தண்ணியில கழுவிக் காய வெக்கணும். அதுக்கு மேல பளபளப்பான கறுப்பு. ஆமா, வெள்ளை இல்ல, கறுப்பு. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியில கறுப்பு தெரிஞ்சாதான் கண்ணாடியோட ஆழம் வரும். அந்தக் கறுப்பு குறைஞ்சது ரெண்டு நாள் காயணும். காஞ்ச கறுப்புல உங்க முகம் தெரியலைன்னா, குரோம்லயும் தெரியாது. அங்கேயே நிறுத்தி மறுபடி தேய்ங்க.

குரோம் அடிக்க ஸ்ப்ரே டப்பா போதாதுன்னு ஒரு ஏர்பிரஷ், சின்ன கம்ப்ரஸரோட வாங்கினேன். (தங்கமணிகிட்ட பாதி விலைதான் சொல்லியிருக்கேன். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க.) 12லேர்ந்து 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், நாலு விரக்கடை தூரம், மூச்சு விட்ட மாதிரி மெலிசா மூணு நாலு தடவை. முதல் தடவை புகை படிஞ்ச மாதிரி இருக்கும். பயப்படாதீங்க. மூணாவது தடவையில திடீர்னு முகம் தெரிய ஆரம்பிக்கும். அங்க நிறுத்திடணும். இன்னும் கொஞ்சம்னு ஆசைப்பட்டீங்க, மறுபடி இட்லிப் பானை.

இதெல்லாம் படிச்சு முடிச்சு நான் வேலையை ஆரம்பிச்சது ஜூலை மாசம். புனே மழை தெரியும்ல? துவைச்ச துணியே நாலு நாள் காயாது. கறுப்பு அடிச்சு அரை மணி கழிச்சுப் பாத்தா பால் தெளிச்ச மாதிரி வெள்ளை பூத்திருக்கு. தின்னர் வேகமா ஆவியாகறப்ப பரப்பு சில்லுனு ஆயிடும். காத்துல இருக்கற ஈரம் அதுமேல படிஞ்சு உள்ள மாட்டிக்கும். மழை விட்டு வெயில் அடிக்கற நாளாப் பாத்து அடிக்கறதுதான் வழி. காய வெக்க ஒரு அட்டைப் பெட்டியில 40 வாட் குண்டு பல்பு மாட்டினேன். அடிச்ச உடனே உள்ள வெக்காதீங்க, தின்னர் ஆவி தீப்பிடிக்கும். நல்லாக் காத்தாட விட்டு, வாடை போனதுக்கு அப்புறம்தான். அந்தப் பெட்டியை எட்டிப் பாத்துட்டு, "முட்டை எத்தனை வெச்சிருக்கீங்க, குஞ்சு எப்ப வரும்?"னாங்க தங்கமணி.

ஒரு வழியா ஹெட்லைட் வளையம் வந்துச்சு. அடடா! அதுல எங்க ஹால் ஜன்னல், ஃபேன், என் வழுக்கை எல்லாம் தெரிஞ்சது. பாதுகாப்பா இருக்கட்டும்னு மேல கிளியர் லாக்கர் அடிச்சேன். கண் முன்னாடியே கண்ணாடி செத்துப் போச்சு. பழைய எவர்சில்வர் டம்ளர் கலர்.

குரோம் பெயின்டோட சோகமே இதுதான். லாக்கர்ல இருக்கற தின்னர், படுத்திருந்த செதிலை எல்லாம் எழுப்பி விட்டுடுது. எழுந்ததுங்க மறுபடி ஒழுங்காப் படுக்கறதில்ல. மேல எதுவும் அடிக்காம விட்டா கண்ணாடி. ஆனா எண்ணெய்க் கை பட்டா போச்சு. அடிச்சா கை படலாம், ஆனா கண்ணாடி இல்ல. ரெண்டும் சேந்து வேணும்னா கார் பெயின்ட் கடையில கிடைக்கற ரெண்டு பாகம் கலக்கற கிளியர் இருக்கு. அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க் எல்லாம் அதைத் தடுக்காது. ரெண்டு ரூம் ஃப்ளாட்ல அந்த வேலையே வேண்டாம். சாதா லாக்கருக்கே ஜன்னலைத் திறந்து வெச்சு, ஆவியைப் பிடிக்கற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கிட்டுதான் அடிக்கணும்.

இனிமே வண்டி மேல சோதனை பண்றதில்லைன்னு முடிவு பண்ணினேன். 2022-ல தடை வர்றதுக்கு முன்னாடி பொண்ணு பிறந்தநாளுக்கு வாங்கின பிளாஸ்டிக் ஸ்பூன் கொஞ்சம் பரண்ல கிடந்துச்சு. ஸ்பூனோட முதுகு ஹெட்லைட் மாதிரியே வளைவு. நாலு ஸ்பூனுக்குக் கறுப்பு, குரோம் அடிச்சேன். ஒண்ணாம் நம்பரை அப்படியே விட்டேன். ரெண்டுக்கு லாக்கர். மூணுக்கு ஒரு வாரம் காய விட்டு, தண்ணியில கரையற அக்ரிலிக் கிளியர், மெலிசா மூணு தடவை. நாலுக்கு அதே அக்ரிலிக், ஆனா மறுநாளே. அப்புறம் கட்டை விரல்ல தேங்காய் எண்ணெய் தொட்டு ஒவ்வொண்ணையும் இருபது தடவை தேய்ச்சேன்.

ஒண்ணு, தேய்க்கறதுக்கு முன்னாடி கண்ணாடி, அப்புறம் கறுப்பு எட்டிப் பாத்துச்சு. ரெண்டு, முதல்லேர்ந்தே இட்லிப் பானை. நாலு, திட்டுத்திட்டா மங்கல். மூணு? முக்கால் கண்ணாடி. முகம் தெரியுது, ஆனா மூக்கு நுனி தெளிவில்ல. இருபது தடவை தேய்ச்சும் ஒண்ணும் ஆகல.

ஸ்பூன் மூணையும் ஒண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். எதுவும் அடிக்காம விட்டு, மேல கண்ணாடிக் கூடு போட்டுக் குடுத்தா அசத்தலா இருக்கும். வர்றவங்க எல்லாம் வாயைப் பிளப்பாங்க. ஆனா அப்பா? அவர் கண்ணால பாக்கற மனுஷர் இல்ல. தக்காளியா இருந்தாலும் பேரப்பிள்ளையா இருந்தாலும் தடவிப் பாத்தாதான் அவருக்குத் திருப்தி. கூட்டுக்குள்ள வெச்சா அது எனக்குக் கிடைக்கற பேரு. அவருக்கு வண்டி இல்ல.

கை போற இடம் எதுன்னு யோசிச்சேன். டேங்க், ஹேண்டில் பார், பின் மட்கார்டு. அங்கெல்லாம் மூணாம் நம்பர். ஹெட்லைட் வளையம், ஸ்போக்ஸுக்கு நடுவுல இருக்கற ஹப், இதெல்லாம் ஒண்ணாம் நம்பர். சைலன்சர் நேர்க் குழாய்ங்கறதால பெயின்டே இல்ல, பின்பக்கம் பசை இருக்கற மெலிசான உலோகத் தாளைச் சுத்தி, காது குடையற பஞ்சுக் குச்சியால நீவி விட்டேன். ரெண்டு வாரம் தொடாம காய வெச்சேன். மரப் பலகையில சக்கரத்தைக் கம்பியால கட்டி, குரோம் மேல எதுவும் உரசாத மாதிரி ஷூ பெட்டியில வெச்சு, ரயில்ல மடியிலயே கொண்டு போனேன்.

கல்யாணம் முடிஞ்சு கூட்டம் எல்லாம் கலைஞ்ச சாயங்காலம்தான் பெட்டியைக் குடுத்தேன். அப்பா திண்ணையில உக்காந்திருந்தார். நெத்தியில விபூதி, விரல்லயும் விபூதி. வெளியே எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். நான் நினைச்ச மாதிரியே முதல்ல கட்டை விரல் டேங்குக்குத்தான் போச்சு. தடவினார். வலது பக்கம் கியர் லீவரைத் தேடினார். இது இப்பத்திய மாடல்பா, இடது பக்கம் இருக்கும்னு சொன்னேன். "ம்"னார். அப்புறம் வெளிச்சத்துல சாச்சுப் பாத்தார்.

"லைட்டு பளிச்சுனு இருக்கு. டேங்க் கொஞ்சம் மங்கலா இருக்கேடா?"

"நீங்க தொடுவீங்கன்னுதான்பா அப்படி."

கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல.

"நம்ம வண்டியிலயும் டேங்க் இப்படித்தான் மங்கிக் கிடந்துச்சு. முழங்கால் உரசி உரசி. நீ வேற முன்னாடி ஏறி உக்காந்துக்கிட்டு வருவே, உன் டவுசர் பட்டன் கீறின கோடு கடைசி வரைக்கும் இருந்துச்சு. விக்கறப்ப அந்த மெக்கானிக் அதுக்கு இருநூறு ரூபா குறைச்சான்."

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 2003-ல நான் பேசினதைச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும்னு ரயில்ல வர்றப்ப நினைச்சு வெச்சிருந்தேன். அதுக்குள்ள அவரே பெட்டியை மூடிக்கிட்டே சொன்னார்.

"இதை நீயே கொண்டு போறியா? இதுக்கு இடம் இருக்கும். பார்சல் சார்ஜும் இல்ல."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரல. "இங்கயே இருக்கட்டும்பா"ன்னேன். குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அம்மா உள்ளேர்ந்து காபியோட வந்ததால தப்பிச்சேன்.

இப்ப அது டிவி பக்கத்துல இருக்கு. அம்மாகிட்ட ஈரத் துணி கூடாது, மெலிசான பிரஷ்ல தூசி மட்டும் தட்டினாப் போதும்னு சொல்லியிருக்கேன். ஹெட்லைட் வளையத்துல ஒரு விரல் ரேகை விழுந்திருக்காம். சரி பண்ணத் தெரியும். பண்ணப் போறதில்ல.

போன ஞாயித்துக்கிழமை காலையில போன். "ஏண்டா, ரெண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் போடலாமா?"

"வேணாம்பா, குரோம் போயிடும்"னு சொல்ல வாயெடுத்தேன். ஸ்பூன் மூணு ஞாபகம் வந்துச்சு.

"டேங்குல மட்டும் போடுங்க"ன்னேன்.