ஐந்தாம் பாரில் இறங்கும் காந்தாரம்

திருவனந்தபுரத்தில் கிட்டார் கற்போருக்குப் பஞ்சமில்லை. எனினும், பன்னிரண்டு பார் கொண்ட ஒரு ப்ளூஸ் சுற்றை, அதன் அடியில் மாறிக்கொண்டிருக்கும் கார்டுகளைக் காதால் பின்தொடர்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசிக்கக்கூடியவர்கள் அருகி வருகின்றனர் என்பதே இக்கலையில் நெடுங்காலம் பழகியோரின் மதிப்பீடாகும். இந்நகரின் கர்நாடக இசை ரசிகர்களில் பலர் கிட்டார் சோலோவை விரல் வேகத்தின் விளையாட்டாக மட்டுமே கருதுவதும், இளைய மாணவர்கள் அந்தக் குற்றச்சாட்டைத் தம் வாசிப்பாலேயே மெய்ப்பிப்பதும், இம்மதிப்பீட்டை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்துகின்றன. வேகத்தைக் குறைசொல்வது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. எந்த ஸ்வரம் எந்தக் கணத்தில் என்ன பொருள் தருகிறது என்பதை அறியாத வேகமே இங்குப் பேசப்படுவது.

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே உருவான பாட்டு வடிவம். அதன் எளிய அடித்தளத்தின்மேல் கூடுதலான கார்டுகளையும் நுட்பமான ஸ்வர நகர்வுகளையும் ஏற்றியபோது பிறந்ததே ஜாஸ்-ப்ளூஸ். பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு சிறு தாளப் பகுதி. பன்னிரண்டு பார், அதாவது நாற்பத்தெட்டு எண்ணிக்கை, ஒரு முழு ஆவர்த்தனத்தைப்போலச் சுழன்று மீண்டும் தலைக்கு வரும். கார்ட் என்பது மூன்று நான்கு ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிப்பது. முதல் நான்கு பார் பெரும்பாலும் ஆதார ஸ்வரத்தின் கார்டிலும், ஐந்தாம் ஆறாம் பார் மத்யமத்தைத் தலையாகக் கொண்ட கார்டிலும், ஏழாம் பார் மீண்டும் ஆதாரத்திலும், எட்டு முதல் பத்து வரையிலான பார்கள் தைவதம், ரிஷபம், பஞ்சமம் ஆகியவற்றின் கார்டுகளிலும் சென்று, இறுதி இரண்டு பார் அடுத்த சுற்றுக்கான வாசலாக அமைகின்றன.

கர்நாடக இசை அறிந்த வாசகருக்கு இதை ராகப் பெயர்களால் விளக்குவது எளிது. மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் ஐந்து ஸ்வர ப்ளூஸ் ஸ்கேல், ஸ்வரக் கணக்கில் சுத்த தன்யாசியே ஆகும்: ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். அதனுடன் பிரதி மத்யமம் கடந்துபோகும் ஸ்வரமாகச் சேரும். இதற்கு இணையாகப் பழகப்படும் மற்றோர் ஐந்து ஸ்வர ஸ்கேல் மோகனம். ஆதாரக் கார்டின்மேல் விரியும் முழு ஸ்வரத் தொகுதி ஹரிகாம்போஜி. மத்யமக் கார்டின்மேல் விரிவதை ஆதார ஷட்ஜத்திலிருந்தே கணக்கிட்டால் அது கரகரப்பிரியா. ஹரிகாம்போஜிக்கும் கரகரப்பிரியாவுக்கும் இடையே மாறும் ஸ்வரம் ஒன்றே ஒன்று: அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது. இந்த ஒரு ஸ்வரம் இறங்குவதைக் கேட்காதவருக்கு ஜாஸ்-ப்ளூஸ் வாசிப்பின் பிற எல்லா நுட்பங்களும் பயனற்றவை.

கைக்கு இது மிக எளிதாகத் தெரிவதே பெரிய ஏமாற்று. ஆறாம் தந்தியில் ஆதார ஸ்வரத்தைப் பிடித்தால், நான்காம் தந்தியில் அதே மெட்டில் கைசிகி நிஷாதமும், மூன்றாம் தந்தியில் அடுத்த மெட்டில் அந்தர காந்தாரமும் கிடைக்கின்றன. மத்யமக் கார்டுக்கு மாறும்போது ஆதாரத்தைப் பிடித்த விரல் ஐந்தாம் தந்தியின் அதே மெட்டுக்குத் தாவ, மற்ற இரு விரல்களும் தத்தம் தந்தியில் ஒரு மெட்டு கீழே இறங்கினால் போதும்: நிஷாதம் சதுச்ருதி தைவதமாகிறது, அந்தர காந்தாரம் சாதாரண காந்தாரமாகிறது. கார்டின் குணத்தைத் தீர்மானிப்பவை அதன் மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமுமே என்பதால், இவ்விரண்டையும் மட்டும் வாசித்தாலே கேட்பவருக்குக் கார்ட் மாறியது தெரிந்துவிடும். விரலுக்கு ஒரு மாலையில் வந்துவிடும் இந்த நகர்வு, காதுக்கு வர ஆண்டுகள் ஆகின்றன.

இந்தத் தாமதத்துக்குத் திருவனந்தபுரத்து மாணவரிடம் தனிப்பட்ட காரணம் ஒன்றுண்டு. தம்புராவின் மாறாத ஷட்ஜத்தில் வளர்ந்த காது எல்லா ஸ்வரத்தையும் அந்த ஒரே புள்ளியிலிருந்து அளக்கிறது. ஜாஸிலோ நிலமே நகர்கிறது. சாதாரண காந்தாரம் முதல் பாரில் ஆதாரக் கார்டின் அந்தர காந்தாரத்தோடு உரசி, ப்ளூஸுக்கே உரிய ஏக்கத்தைத் தருகிறது; அதே ஸ்வரம் ஐந்தாம் பாரில் மத்யமக் கார்டின் சொந்த ஸ்வரமாகி அமைதியடைகிறது. முதல் பாரில் புகாராக ஒலித்தது ஐந்தாம் பாரில் ஒப்புதலாக ஒலிக்கிறது. எனவே ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஆதாரத்திலிருந்து ஒரு தரமும், அப்போது ஒலிக்கும் கார்டின் தலையிலிருந்து ஒரு தரமும் என இரண்டு அளவுகோல்களால் ஒருசேர அளக்கக் காது பழக வேண்டியுள்ளது. இடைவெளிகளைக் கொண்டு வாசிப்பது என்பதன் முழுப் பொருளும் இதுதான். ஸ்கேலின் வடிவத்தை விரலில் ஏற்றிக்கொள்வது வேறு, அதிலுள்ள ஒவ்வொரு ஸ்வரமும் தன் தலையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அறிவது வேறு.

மாணவர் ஐந்தாம் பாருக்குத் தாமதமாக வந்து சேர்வது பொதுவான குறை. கார்ட் மாறியதைக் கேட்டபின் அதற்குப் பதிலளிக்க முற்படுவதால், சாதாரண காந்தாரம் இரண்டாம் எண்ணிக்கையில்தான் வந்து விழுகிறது. அதற்குள் மாற்றத்தின் சுவை போய்விடுகிறது. தேர்ந்த வாசிப்பாளர் நான்காம் பாரின் இறுதி எண்ணிக்கையில் அந்தர காந்தாரத்தைத் தொட்டு, ஐந்தாம் பாரின் முதல் எண்ணிக்கையிலோ, அதற்கு அரை எண்ணிக்கை முன்னதாகவோ கீழே இறங்குகிறார். தாளத்துக்கு முன்பே எடுக்கும் அதீத எடுப்பை அறிந்தவருக்கு இந்த முந்துதல் புதிதன்று. இதைக் கற்பிக்கும் பழைய முறை கடுமையானது: மாணவர் கிட்டாரைத் தொடாமல் பன்னிரண்டு பாரையும் கையால் தட்டியபடி இந்த இரு காந்தாரங்களையும் மட்டும் வாயால் பாட வேண்டும், தவறினால் தலையிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். வாரக்கணக்கில் இதைச் செய்யவைத்த ஆசிரியர்களை மாணவர்கள் வெறுத்ததுண்டு. அந்த வெறுப்பைத் தாண்டியவர்களே பின்னாளில் வாசித்தார்கள்.

இழுப்பின் நுட்பமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ப்ளூஸில் சாதாரண காந்தாரத்தைச் சற்றே மேலே இழுத்து, அந்தர காந்தாரத்தை எட்டாமல் நடுவில் நிறுத்துவதே முறை. அந்த நடு ஸ்வரத்துக்குக் கிட்டாரில் மெட்டும் இல்லை, கர்நாடக இசையில் பெயரும் இல்லை. வீணையைப்போலவே கிட்டாரிலும் தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. ஆகவே கீழ் ஸ்வரத்தில் நின்று மேலே நீட்டுவதே வழி. ஜாஸ் வாசிப்பாளர் பயன்படுத்தும் தடித்த தந்திகளில், குறிப்பாகக் கம்பி சுற்றிய மூன்றாம் தந்தியில், கால் ஸ்வர அளவுக்கு மேல் இழுப்பது கடினம். கடற்காற்றில் தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும் இந்நகரில் அது இன்னும் கடினம். ஆனால் அந்தக் கட்டுப்பாடே நல்லாசிரியராக அமைந்துவிடுகிறது. மெல்லிய தந்தி போட்டவர் இழுக்கும் இழுப்பு பெரும்பாலும் அந்தர காந்தாரத்தையும் தாண்டிச் சுத்த மத்யமத்தின் வாசல்வரை சென்று சுவையைக் கெடுக்கிறது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். ஆறாம் பாரில் சிலர் பிரதி மத்யமத்தைத் தலையாகக் கொண்ட கார்டைக் கொணர்வர். எட்டாம் பாரின் தைவதக் கார்டில் சுத்த ரிஷபம் தலைகாட்டி, ஒன்பதாம் பாரில் சதுச்ருதி ரிஷபமாக ஏறும். பத்தாம் பாரின் பஞ்சமக் கார்டில் கைசிகி நிஷாதம் இருந்த இடத்தில் காகலி நிஷாதம் வரும். ஐந்தாம் பாரைக் கேட்டவருக்கு இவை தாமே கேட்கும். மூன்றாம் தந்திக்கும் இரண்டாம் தந்திக்கும் இடையே மட்டும் ஐந்து மெட்டுக்குப் பதில் நான்கு மெட்டுத் தூரம் இருப்பதால், இடைவெளிகளின் விரல் வடிவம் அந்த எல்லையைக் கடக்கும்போது ஒரு மெட்டு நகரும் என்பதை மட்டும் மறக்கலாகாது.

ஸ்வரத்தேர்வுக்கு அடுத்து வருவது சொற்றொடர் அமைப்பு. இதில் இந்நகருக்குக் கற்பிக்க ஒன்றுமில்லை என்றே சொல்லலாம், ஏனெனில் இதற்கான சொற்கள் எல்லாம் இங்கேயே இருக்கின்றன. 1939இல் இங்குத் தொடங்கப்பட்டு, பின்னர் சுவாதித் திருநாள் பெயரைப் பெற்ற இசைக் கல்லூரிக்கு முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் தலைமை வகித்தனர். செம்மங்குடியின் நிரவலைக் கேட்டவர்களுக்கு, சாகித்யத்தின் ஒரே வரி தன் தாள இடத்தை விடாமல் ஸ்வரங்களில் மட்டும் புதிது புதிதாக மலர்வது எப்படி என்று விளக்கத் தேவையில்லை. ப்ளூஸ் பாடலின் மரபான அமைப்பும் இதற்கு அருகில் நிற்பதே: முதல் நான்கு பாரில் ஒரு வரி, அடுத்த நான்கு பாரில் அதே வரி, கடைசி நான்கு பாரில் அதற்கான பதில். இரண்டாம் முறை வரும்போது அடியிலிருக்கும் கார்ட் மாறிவிட்டிருப்பதால், அதே சொற்றொடரைத் தாளத்தில் மாற்றாமல் காந்தாரத்தை மட்டும் இறக்கி வாசித்தாலே போதிய சோலோ ஆகிவிடும். புதிய சரக்கு வேண்டியதில்லை. சொன்னதையே புரிந்து திரும்பச் சொல்வதுதான் வேண்டும்.

ஜாஸின் தாள நடையான ஸ்விங்கும் அந்நியமானதன்று. ஓர் எண்ணிக்கையைத் திச்ர நடையில் தகிட எனப் பிரித்து, நடுச்சொல்லை விழுங்கி முதலையும் கடைசியையும் மட்டும் ஒலித்தால் மிதமான காலப்பிரமாணத்தில் அது கிடைக்கும். கார்வை எனப்படும் நீட்டலும், ஓசையற்ற இடைவெளியும் இதைவிட அரியவை. ஜாஸ் கிட்டார் கலைஞர் கென்னி பரெல் 1963இல் வெளியிட்ட ‘மிட்நைட் ப்ளூ’ தொகுப்பிலும், மற்றொரு ஜாஸ் கிட்டார் கலைஞரான ஜிம் ஹாலின் வாசிப்பிலும், சொற்றொடருக்குப் பின் வரும் மௌனம் முன்னது முடிந்ததைச் சொல்லி அடுத்ததற்கு இடம் கொடுக்கிறது. இசைத்தட்டுகளைக் கேட்டே பெபாப் என்னும் நுணுக்கமான ஜாஸ் பாணியைக் கற்று, கொல்கத்தாவில் பல்லாண்டு வாசித்தும் கற்பித்தும் வந்த கார்ல்டன் கிட்டோவும் (1942–2016), கர்நாடக இசையைக் கிட்டாரில் நிலைநிறுத்தி ஜாஸையும் முறையாகப் பயின்ற ராணிப்பேட்டைப் பிரசன்னாவும், இந்த வழி இந்தியக் கைகளுக்கு எட்டாததன்று என்பதற்குச் சான்றுகள்.

கிழக்கே கோட்டையை அடுத்த நவராத்திரி மண்டபத்தில், முதல் நாள் சங்கராபரணம் தொடங்கி ஒன்பதாம் நாள் ஆரபி வரை நாளுக்கொரு ராகத்தில் சுவாதித் திருநாளின் கிருதி பாடப்படுகையில், கைதட்டும் வழக்கம் இல்லை. அங்கே பாடுபவர் ஒரு சொற்றொடரை முடிப்பது, அது முடிந்ததாலேயே ஒழிய, கைதட்டலைப் பெறுவதற்காக அன்று. இன்றைய சோலோக்களோ கைதட்டலுக்காகவே கட்டப்படுகின்றன. மாணவர்கள் ‘பாக்ஸ்’ என்று அழைக்கும் ஐந்து விரல் வடிவங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரே கார்டில் நிற்கும் பேக்கிங் டிராக்கின்மேல் மாதக்கணக்கில் ஓடிப் பழகுகின்றனர். நிலம் நகராத இடத்தில் நடை பழகியவர் நகரும் நிலத்தில் தடுமாறுவதில் வியப்பில்லை. எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று எண்ணால் மட்டும் எழுதும் டேப் முறை, ஸ்வரத்தின் பெயரையே மறக்கச் செய்துவிட்டது. தரத் தேர்வுக்கென ஒரு சோலோவைக் குறிப்புத் தவறாமல் ஒப்பித்து நல்ல மதிப்பெண் பெற்றவரிடம், அதே சோலோவில் ஐந்தாம் பாரில் நிற்கும் ஸ்வரம் எது என்று கேட்டால் பதில் வருவதில்லை. திருமண வரவேற்பு மேடைகளில் சோலோ என்பது பாடகர் தண்ணீர் குடிப்பதற்கான இடைவேளையாகச் சுருங்கியது இந்தக் கலைக்கு நேர்ந்த அவமதிப்புதான். ஆனால் அந்த இடைவேளையில் கேட்கும்படியாக எதையும் சொல்லாதவர்களுக்கும் அதில் பங்குண்டு.

பன்னிரண்டு பாரை அதன் கார்டுகளோடு பதிவுசெய்துகொண்டு, ஒரு மாத காலம் கார்டுகளின் மூன்றாம், ஏழாம் ஸ்வரங்களைத் தவிர வேறெதையும் வாசிக்காமல், அவற்றையும் முதலில் வாயால் பாடிய பின்னரே விரலுக்குத் தருவது என்று ஒரு மாணவர் முடிவெடுத்தால், அடுத்த மாதம் அவருக்கு லிக் எனப்படும் தயார்ச் சொற்றொடர்கள் தேவைப்படாது. ஆசிரியர்களும் மாணவர் பாக்ஸை ஒப்பிப்பதைக் கேட்டுத் தலையாட்டுவதை விட்டுவிட்டு, ஐந்தாம் பாரில் காந்தாரம் இறங்குகிறதா என்பதை மட்டும் கேட்கட்டும். இறங்காதவரை ஆறாம் பாருக்குப் போகவிட வேண்டாம்.