காய்ந்தால் கிருமி சாகுமா?

மண்டியில் தார் விலை விழும்போதெல்லாம் எங்கள் வீட்டில் கற்பூரவள்ளியை உரித்துக் காயவைத்து விடுவோம். ஸ்ரீரங்கத்தில் வாடிக்கை வீடுகள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கென்று கேட்டு வாங்குகிறவர்களே அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"வெயில்ல காஞ்ச பழத்துல கிருமி எங்க அண்ணி இருக்கப்போவுது?" என்பார் என் கொழுந்தனார். பலரும் அப்படித்தான் நம்புகிறோம். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அது வற்றினால் பாக்டீரியா பெருக முடியாது, ஆனால் செத்துவிடாது. விதைநெல் குதிருக்குள் உறங்குவதுபோல, சால்மோனெல்லா காய்ந்த பழத்தில் மாதக்கணக்கில் கிடக்கும். வயிற்றுக்குள் போனதும் விழித்துக்கொள்ளும். உரித்த பழத்துக்கு அது வருவது நம் கை, கத்தி, தண்ணீர், ஈ வழியாகத்தான்.

இதற்கு இயற்கையிலேயே துணை உண்டு. எலுமிச்சைச் சாறும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் சம அளவு கலந்து, துண்டுகளை 10 நிமிடம் ஊறவைத்துக் காயவைக்கிறோம். புளிப்பில் கிருமி பலவீனப்படும். பிறகு சூடு பட்டால் சீக்கிரம் சாகும். பழமும் கறுக்காது. 60 டிகிரி சூடு தரும் உலர்த்தி கிடைத்தால், திறந்தவெளி வெயிலைவிட நல்லது.

"அப்ப மோர்ல ஊறப்போடலாமா?" என்றும் கேட்டார். பாலில் வளரும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற நல்ல பாக்டீரியாவிலிருந்து 'நிசின்' என்ற பொருளைப் பிரித்தெடுத்து, உணவு கெடாமலிருக்கப் பயன்படுத்துகிறார்கள். அது லிஸ்டீரியா போன்றவற்றைத் தடுக்கும்; சால்மோனெல்லாவைத் தனியாகத் தடுக்காது. வீட்டு மோரில் எந்த பாக்டீரியா, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி விற்க முடியாது.

எந்த நல்ல பாக்டீரியாவும் சோப்பு போட்டுக் கைகழுவுவதற்கு ஈடாகாது. ஈ புகாத வலை, துருப்பிடிக்காத கத்தி, ஈரம் ஏறாத டப்பா, இவையும் வேண்டும். முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கு, 1993-ல் திருச்சியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம் தாயனூரில் இருக்கிறது.

தேனில் ஊறிய வாழைப்பழம் விற்கிறவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தேன் பல கிருமிகளை அடக்கும். ஆனால், அதில் பொட்டுலினம் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கைக்குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. 'ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்' என்று பாக்கெட்டில் ஒட்டுங்கள். வாங்க வருகிறவரிடம் வாயாலும் சொல்லுங்கள்.