சீனன்குடாவிலிருந்து வந்த இரண்டு ரூபாய்

மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது கல்லூரி நினைவுக் கட்டுரை. அதிபர்களையும் ஆசிரியர்களையும் விளையாட்டுக் களத்தையும் பற்றி எம்மினும் நன்கு எழுதவல்ல அன்பர் பலர் உளர். அப்பணியை அவர்களுக்கே விட்டுவிடுகின்றோம். நாம் எழுதப் புகுவது எமது தமையனாரைப் பற்றியது. அவரும் இக்கல்லூரியின் பழைய மாணவரே. ஆயினும் அவர் பெயரை எந்தப் பரிசுப் பலகையிலும் தேடிக் காண இயலாது. கணக்கில் மட்டும் கெட்டிக்காரர்.

1944 ஆம் ஆண்டில் எமக்கு ஏழு வயது. எந்தையார் கெலிஓயாக் கடைவீதியில் ஒரு சிறு பலசரக்குக் கடை நடத்திவந்தார். பர்மா யப்பானியர் வசமானபின் அரிசிவரவு நின்றுபோக, கூப்பன் அரிசியோடு மக்கள் மல்லாடிய காலம் அது. அவ்வாண்டு சித்திரை மாதத்திலே தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமையகம் டில்லியிலிருந்து கண்டிக்குப் பெயர்ந்தது. மவுண்ட்பேட்டன் பிரபு கண்டி மாளிகையில் தங்கினார். அவருடைய அலுவலகங்களோ பேராதனைப் பூந்தோட்டத்திலே மரங்களுக்கிடையில் எழுந்தன. பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையிலுள்ள எமது ஊர்த் தெருவிலும் ஜீப் வண்டிகள் புழுதி கிளப்பிப் பறந்தன. சிறுவர்களாகிய நாம் அவற்றின் பின்னே ஓடினோம். போர் என்பது எமக்கு அவ்வளவே.

தமையனாருக்கோ அது சம்பளம் தரும் உத்தியோகமாயிற்று. திருகோணமலையை அடுத்த சீனன்குடா விமானத் தளத்தின் பண்டகசாலையில் இலிகிதராக அமர்ந்தார். அத்தளம் போரை முன்னரே கண்டது. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதனைத் தாக்கின. அன்று காலையிலேயே கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து பிளெனிம் குண்டுவீச்சு விமானங்கள் யப்பானியக் கப்பற்படையைத் தேடிச் சென்றன. பகைவரைக் கண்டவை ஒன்பது, மீளாதவை ஐந்து. விமானம் ஒன்றுக்கு மூவர். அவர்கள் வீசிய குண்டுகளுள் ஒன்றேனும் கப்பலில் விழவில்லை. குதிரைகள் ஓடிய புற்றரையிலிருந்து எழுந்துபோன அவ்விளைஞரை இன்று கொழும்பில் நினைப்பார் மிகச் சிலரே.

1944 ஆகஸ்டில் சீனன்குடாவுக்கு வந்தவை வேறு வகையின. ‘பீ 29’ என்னும் அமெரிக்கப் பெருவிமானங்கள் அவை. ஒன்றில் பதினொருவர் ஏறிச் செல்வர். வங்காளத்துத் தளங்களிலிருந்து அவற்றை இங்குக் கொணர்ந்து, சுமாத்திராவிலுள்ள பலம்பாங் நகரின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையைத் தாக்குவதே திட்டம். யப்பானின் விமான எண்ணெயில் பெரும்பங்கு அங்கிருந்தே சென்றது. அதன்பொருட்டு ஓடுபாதை 7,200 அடியாக நீட்டப்பட்டது. போகவர 3,800 மைலுக்கு மேல். அவ்வளவு தூரத்துக்கு வேண்டிய எண்ணெயைச் சுமந்தபின் ஒவ்வொன்றும் ஒரு தொன் குண்டே கொண்டுசெல்ல முடிந்தது. இத்தாக்குதலுக்கு அவர்கள் இட்ட பெயர் ‘பூமராங்’. எறிந்தவன் கைக்கே மீளும் தடி அது. எங்கள் முன்னோரின் வளரிக்கு உறவு எனலாம். ஆனால் எறிந்த வளரி எல்லாம் திரும்பி வந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இவ்விவரங்கள் யாவும் நாம் பின்னாளில் நூல்களிற் கற்றவை. தமையனார் கண்டது சிறிது. முதல்நாள் இரவு வீரர்களுக்குப் போர்வை வழங்கியவர்களுள் அவரும் ஒருவர். எல்லாரும் இருபது வயதை ஒட்டியவர்கள். பலர் அவரிலும் இளையவர். ஆகஸ்டு 10 ஆம் நாள் மாலை, ஐந்து மணியளவில் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழத் தொடங்கின. பண்டகசாலை வாசலில் நின்ற இலிகிதர்கள் எண்ணினார்கள். ஐம்பத்துநான்கு. அப்பொழுது ஒருவர், “எல்லாம் திரும்புமா?” என்றாராம். “திரும்பும்” என்றனர் மற்றவர். தமையனார் மட்டும், கணக்கில் கெட்டிக்காரர் அல்லரோ, “ஒன்று குறையும்” என்றார். உடனே பந்தயம் பிறந்தது. தொகை இரண்டு ரூபாய்.

பலம்பாங்கின் மேல் அன்றிரவு முகில் மூடியிருந்தது. முப்பத்தொன்பது விமானங்கள் அவ்விடத்தை அடைந்தன. அவற்றுள் எட்டு, மூசி ஆற்றிலே கண்ணிவெடிகளை இட்டன. ஆலையைக் குறித்தவை முகிலினூடே குண்டுகளை வீசின. பின்னர் எடுத்த படங்களில் ஒரேயொரு சிறு கட்டடம் அழிந்தமையே உறுதியாயிற்று. ஆற்றிலிட்ட கண்ணிகளே ஓரளவு பயன் தந்தன. சில கப்பல்கள் மூழ்கின. இரவு முழுவதும் கடலின்மேற் பறந்து திரும்பிய விமானங்களுள் ஒன்று, சீனன்குடாவை அடைய ஏறத்தாழத் தொண்ணூறு மைல் இருக்கையில் எண்ணெய் தீர்ந்து கடலில் இறங்கியது. அபாயச் செய்தியை அனுப்பிவிட்டே இறங்கினர். துப்பாக்கி வீரர் ஒருவர் மாண்டார், ஏனையோர் மீட்கப்பட்டனர்.

ஒன்று குறைந்தது.

மறுநாள் பிற்பகல், தோற்றவர் ஓர் இரண்டு ரூபாய்த் தாளைத் தமையனாரின் மேசைமேல் வைத்தார். அப்போது அவர் அறிந்தது ஒரு விமானம் வரவில்லை என்பது மட்டுமே. இறந்தவன் ஒருவன் உண்டு என்ற செய்தி மாலையிலேதான் வந்தது. போர்வை வாங்கிய கைகளுள் எது அவனுடைய கை என்று அன்றிரவு முழுவதும் நினைத்துப் பார்த்தாராம். முகம் ஒன்றும் தோன்றவில்லையாம்.

போர் முடியும்வரை அவர் வாய் திறக்கவில்லை. தளத்துச் செய்தியை வெளியிற் சொல்லலாகாது என்பது கட்டளை. அது ஒரு சாட்டும் ஆயிற்று என்றே நாம் கருதுகின்றோம். 1945 இல், அதே வகை விமானங்கள் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் எரித்து யப்பான் பணிந்தபின், தமையனார் வேலை முடிந்து வீடு வந்தார். இரவு வண்டியிற் புறப்பட்டு, பொல்காவலையில் மாறி, மறுநாள் கெலிஓயா நிலையத்தில் ஒரு தகரப்பெட்டியுடன் இறங்கினார். ஊரார் விருந்தாளிபோல் வந்து பார்த்துப் போயினர். அவர்கள் போனபின் அடுக்களைத் திண்ணையில் அமர்ந்து, அன்னையாரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நாம் தூங்குவதாகப் பாசாங்கு செய்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

அன்னையார் பேசாது கேட்டார். தாள் அப்போதும் அவரது சட்டைப்பையில் மடித்தபடி இருந்தது. செலவழிக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

“தம்பி, உந்தக் காசு எங்களுக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் எங்கேயோ ஒரு தாய் இருப்பாள்தானே,” என்றார்.

“நான் சும்மா விளையாட்டாய்ச் சொன்னது, அம்மா.”

“விளையாட்டாய்ச் சொன்னது சரி. காசை ஏன் வாங்கினாய்?”

அதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அன்னையார் அவரை அழைத்துக்கொண்டு கண்டி கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குச் சென்றார்; நாமும் கூடச் சென்றோம். பெயரும் நட்சத்திரமும் ஐயர் கேட்டபோது அன்னையார் சற்றுத் தயங்கி, “கடலிலே போன பிள்ளை” என்றார். ஐயர் மேலும் கேளாமல் அர்ச்சனையைச் செய்துமுடித்தார். அன்னையார் தம் கைக்காசையே கொடுத்தார். அந்தத் தாளை உண்டியலில் இடவும் அவர் சம்மதிக்கவில்லை.

தமையனார் பின்னர் எந்தையாரின் கடையையே நடத்தினார். சீட்டாட்டம் என்றாலும், கல்லூரிகளுக்கிடையேயான கிரிக்கெட் போட்டியில் யார் வெல்வார் என்ற விளையாட்டுப் பேச்சு என்றாலும், எழுந்து போய்விடுவார். பழைய மாணவர் சிலர் அவரைக் கருமி என்று பரிகசித்ததை நாம் அறிவோம். அவர் கருமியல்லர் என்பதை இங்கு எழுதிவைக்க விரும்பினோம். இம்மலருக்கு இசைந்தமைக்கு அதுவே காரணம்.

நாம் ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் மாணவர்களைக் கண்டி பிட்டகந்தைப் போர் மயானத்துக்கு அழைத்துச் செல்வதுண்டு. வரிசையாக நிற்கும் கற்களில் வயதைப் படிக்கச் சொல்வோம். அவர்கள் தம் வயதோடு கூட்டிக் கழித்துப் பார்த்து மௌனமாவர். உடல் கிடைத்தோருக்கே அங்குக் கல். பிளெனிம் விமானங்களிற் சென்று கல்லறையும் இன்றி மறைந்தோரைப் போன்ற விமானப் படையினரின் பெயர்களைச் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி நினைவுச் சுவர்களிற் காணலாம். காணாமற்போன தரைப்படையினரையும் சேர்த்து அச்சுவர்களில் 24,000 க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் பொறித்த அந்த இரண்டு ரூபாய்த் தாள், அன்னையார் ஓதிய தேவாரப் புத்தகத்தில் இருந்தது. அன்னையாருக்குப் பின் தமையனாரிடமும், அவருக்குப் பின் எம்மிடமும் அது வந்தது. நான்காய் மடித்த தழும்பில் கிழியத் தொடங்கிவிட்டது. பேரன் அதற்கு இன்று நல்ல விலை கிடைக்கும் என்கிறான். புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம்.