முதல் சொட்டு

தென்னூரில் விடியலுக்கு முன் தண்ணீர் வந்து நின்ற பிறகு, குழாயிலிருந்து பித்தளை அண்டாவில் ஒரு சொட்டு விழுந்து, அதன் ரீங்காரம் விளிம்பைச் சுற்றி அடங்கும்போதெல்லாம், பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் ‘எக்கோஸ்’ எனக்குள் தொடங்கிவிடுகிறது, 1971இல் வந்த ‘மெடில்’ இசைத்தட்டின் இரண்டாம் பக்கம் முழுவதையும், 23 நிமிடத்துக்கும் மேலாக, தானே எடுத்துக்கொண்ட பாட்டு அது.

சித்தப்பா அந்தத் தட்டை மெட்ராஸிலிருந்து வேட்டிக்குள் சுற்றிக்கொண்டு வந்தார், இதே கூடத்தில், ஜன்னல் கம்பிகளின் நிழல் தரையில் நீண்டு, டிகாக்‌ஷன் வாசனை நிறைந்திருந்த ஒரு சாயங்காலம் அதைச் சுழலவிட்டார், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த தாத்தா எழுந்து போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

தாத்தா போகவில்லை. கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தைத் தன் ஊராக்கிக்கொண்ட ஷேக் சின்ன மௌலானாவின் நாகஸ்வரத்தைக் கேட்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போவார், துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தால் ஆலாபனை முடியும்வரை பொடி மட்டையைத் திறக்கமாட்டார், அன்றைக்கும் மட்டை மடியிலேயே இருந்தது. நடுவில் தாளமெல்லாம் ஓய்ந்து, காற்றுக்குள் கிதார் பறவையாய் அலறும் இடத்தில், “கொள்ளிடத்துல ராத்திரி நரி இப்படித்தான் ஊளையிடும்” என்றார், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலில் நடந்த இருட்டும் நாணல் வாசமும் எனக்கு உடனே வந்துவிட்டன. முடிந்ததும், “டேய், அந்த முதல் சொட்டை இன்னொரு தரம் வை” என்றார்.

அந்தக் குழுவின் ரிச்சர்ட் ரைட் பியானோவில் ஒரே ஒரு கட்டையை அழுத்தி, அதைச் சுழலும் ஒலிபெருக்கி வழியே அனுப்பிப் பிறந்த சொட்டு அது, பிறகு எவ்வளவு முயன்றும் அதே நாதம் அவர்களுக்கு வாய்க்கவில்லை, முதல் ஒத்திகைப் பதிவையே பாட்டில் சேர்த்தார்கள் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன், தாத்தா அப்போது இல்லை.

இப்போது பாட்டு கைபேசியில் இருக்கிறது, குரல் வரவே மூன்று நிமிடம் ஆகிறதே என்று மகன் விரலால் தள்ளிவிடுகிறான், சொட்டு அந்தச் சின்னப் பெட்டிக்குள் சப்பையாகத்தான் விழுகிறது.

குழாய்க்கு வாஷர் வாங்கி மூன்று நாளாயிற்று. இன்று அண்டா நிரம்பியிருந்ததால் சொட்டின் சுருதி மாறியிருந்தது, பாதித் தண்ணீரை வாளிக்கு மாற்றினேன், அப்போதும் பழையது வரவில்லை, துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன்.