கடையும் சந்தையும் ஒன்றா?

பொருள் வாங்கும் இடத்தைக் குறிக்கத் தமிழில் கடை, சந்தை, அங்காடி, மண்டி எனப் பல சொற்கள் உள்ளன. ஆங்கிலத்திலும் ஷாப், ஸ்டோர், மார்க்கெட், மால் எனப் பல சொற்கள் உள்ளன. மேலோட்டமாகப் பார்த்தால் இவையெல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆயினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் பொருள் மாறிவிடும். இவ்வேறுபாட்டை எனக்குத் தெளிவாகக் காட்டியது கொல்கத்தா நகரம்.

தமிழாசிரியராகப் பணிமாற்றம் பெற்று இந்நகருக்கு வந்த நாள்முதல் இங்குள்ள இடப்பெயர்களைக் கவனித்து வருகிறேன். ஷியாம்பஜார், பாக்பஜார், பௌபஜார் என்பன சில பெயர்கள். கரியாஹாட் என்பது இன்னொன்று. 'பஜார்' என்பது பாரசீக மொழியிலிருந்து வந்த சொல். நிலையாக அமைந்த கடைத்தெருவைக் குறிப்பது. வங்காளச் சிற்றூர்களில் 'ஹாட்' என்பது வாரத்தின் குறித்த நாள்களில் கூடிக் கலைவது. கரியாஹாட்டில் இன்று நாள்தோறும் வணிகம் நடைபெற்றாலும் அப்பழஞ்சொல் பெயரில் நிலைத்துள்ளது. தனியொருவர் நடத்துவது 'தோகான்'. கடைத்தெரு, சந்தை, கடை என நாம் பிரித்து வழங்குவதைப் போன்றே வங்காளிகளும் பிரித்து வழங்குகின்றனர்.

இனி ஆங்கிலச் சொற்களைக் காண்போம். எஸ்பிளனேடுக்கு அருகில் உள்ள 'நியூ மார்க்கெட்' 1874ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மாநகராட்சித் தலைவராக விளங்கிய சர் ஸ்டூவர்ட் ஹாக்கின் பெயர் 1903இல் அதற்குச் சூட்டப்பட்டது. அச்செங்கல் கட்டடத்தின் கூரையின்கீழ் எண்ணற்ற கடைகள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் 'ஷாப்'. அனைத்தும் சேர்ந்ததே 'மார்க்கெட்'. ஒரே ஒரு கடையை 'மார்க்கெட்' என்பது ஒரு மரத்தைத் தோப்பு என்பதற்கு ஒப்பாகும்.

'ஸ்டோர்' என்னும் சொல்லில் சேமித்து வைத்தல் என்னும் பொருள் உண்டு. வீட்டில் 'ஸ்டோர் ரூம்' என்று சொல்லும்போது அப்பொருளே நிற்கிறது. ஆங்கிலேயர் பொதுவாக 'ஷாப்' எனக் கூறும் இடத்தை அமெரிக்கர் 'ஸ்டோர்' என்பர். 'மால்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. முற்காலத்தில் இலண்டனில் மரப்பந்தைக் கோலால் அடித்து ஆடும் 'பால் மால்' என்னும் விளையாட்டு இருந்தது. அதனை ஆடிய நீண்ட பாதை 'மால்' எனப்பட்டது. பின்னர் மரநிழலில் மக்கள் உலவும் பாதையை அச்சொல் குறித்தது. அதன்பின்னரே உலவியவாறு பொருள் வாங்கும் வளாகத்துக்கு வந்தது. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்து, 2004இல் சால்ட் லேக் பகுதியில் திறக்கப்பட்ட 'சிட்டி சென்டர்' வளாகத்தில், மக்கள் உலவவும் அமர்ந்து பேசவும் திறந்த முற்றங்கள் உள்ளன. சொல்லின் பழைய பொருள் அங்கே கண்முன் நிற்கிறது.

தமிழும் இவ்வகை நுட்பத்தில் குறைந்ததன்று. சிலப்பதிகாரம் புகாரின் நாளங்காடியைக் காட்டுகிறது. மதுரைக்காஞ்சி மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் காட்டுகிறது. முன்னது பகலில் நடப்பது. பின்னது இரவில் நடப்பது. அல் என்றால் இரவு. 1999இல் மதுரையில் தொடங்கப்பட்ட திட்டத்திற்கு 'உழவர் சந்தை' எனப் பெயரிட்டனர். 'உழவர் கடை' என்று பெயரிடவில்லை. உழவர் பலர் கூடி, இடைத்தரகரின்றித் தம் விளைபொருளைத் தாமே விற்கும் இடமாதலின் சந்தை என்பதே பொருந்தியது. பங்குகளை வாங்குவோரும் விற்போரும் கூடும் இடத்தைப் 'பங்குச் சந்தை' என்பதும் இதனாலேயே.

"மார்க்கெட் என்றாலே எல்லாருக்கும் புரிகிறதே, ஐயா! சந்தை என்ற சொல் எதற்கு?" என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தெருவில் வங்காளமும் நண்பர்களிடம் இந்தியும் பாடநூலில் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் ஒலிக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் பிள்ளையிடம், "பாட்டி கடைக்குப் போயிருக்கிறாள்" என்றால் அவள் சற்று நேரத்தில் திரும்புவாள் என்று பொருள். "பாட்டி சந்தைக்குப் போயிருக்கிறாள்" என்றால், இன்று சந்தை நாள். கூடையைச் சுமந்து, வண்டியேறி, பொழுது சாயும்போதுதான் வருவாள் என்று பொருள். இரண்டையும் 'மார்க்கெட்' என்று மட்டுமே அறிந்த பிள்ளைக்குப் பாட்டியின் அந்த ஒரு நாள் முழுவதும் விளங்காமற்போகும். சொல்லை இழப்பது, அச்சொல் சுட்டும் வாழ்க்கையையும் இழப்பதாகும்.

ஆகவே மாணவர்களே, சொல்லைத் தேர்ந்தெடுக்கும்முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விற்பவர் ஒருவரா, பலரா? வணிகம் நாள்தோறும் நடக்கிறதா, குறித்த நாளில் மட்டுமா? விற்பனை சில்லறையா, மொத்தமா? ஒருவர் நடத்துவது கடை. பலர் குறித்த நாளில் கூடுவது சந்தை. தானியமும் காய்கனியும் மொத்தமாக விலைபோவது மண்டி. பலவகைப் பொருள்களும் ஓரிடத்தில் கிடைப்பது பல்பொருள் அங்காடி.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெற்றோருடன் லேக் மார்க்கெட்டுக்குச் செல்லுங்கள். வாழையிலையும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கும் அவ்விடத்தில் நீங்கள் காண்பவை எவை எவை எனத் தமிழில் பெயரிட்டு எழுதி வாருங்கள்.